தலைகீழாக நின்ற ஆறு

என் மேசை லாச்சியில் ஓர் ஆறு கிடக்கிறது. ஓடுகிற ஆறு அல்ல, எண் ஆறு. பித்தளையில் வார்த்த சின்னத் துண்டு. ஒரு புளியங்கொட்டை அளவுகூட வராது. தபால் கந்தோரில் கடிதங்களுக்கு அடிக்கிற சீலின் முகத்தில், திகதி காட்டுவதற்காக ஒவ்வொரு நாள் காலையிலும் மாற்றிச் செருகுகிற எண்களில் ஒன்று. பழைய மை அதன் வளைவுக்குள் காய்ந்து இறுகிப்போயிருக்கிறது. நேராகப் பிடித்துத் தாளில் அழுத்தினால் ஆறு விழும். தலைகீழாக அழுத்தினால் ஒன்பது விழும். முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வேடிக்கைதான். இந்த வேடிக்கையால் ஒரு பெண் பதினொரு வருடம் என்ன பாடுபட்டார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அவரை ஊரில் எல்லோரும் 'தபால் மிஸ்' என்றார்கள். நானும் மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றார். மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஓர் உபதபால் கந்தோர் எங்களுடையது. ஆளென்று பார்த்தால் இரண்டே பேர். பொறுப்புக்கு ஒருவர். பெட்டி திறக்க, சீல் அடிக்க, சைக்கிளில் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க, கூட்டித் துடைக்க எல்லாவற்றுக்கும் நான். சண்டை முடிந்து இரண்டாம் வருடம் மிஸ் மாற்றலாகி வந்தார். அதற்கு முன் அவர் பெருநிலத்தில், வங்காலைப் பக்கம் வேலை பார்த்தவர். தீவில் இருக்கிறவர்கள் எல்லாம் வெளியே மாற்றம் கேட்டுக் காலில் விழுகிற காலத்தில், இவர் கேட்டு வாங்கிக்கொண்டு இந்த உப்புக்காற்றுக்கும் கழுதைகளுக்கும் நடுவில் வந்து நிற்கிறாரே, ஏதோ தண்டனை மாற்றமாக்கும் என்று நினைத்தேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பிள்ளைகள் இல்லை. பின்னால் இருந்த ஓர் அறையில் தனியே குடியிருந்தார். நானும் தனியாள்தான். என் கூடப்பிறந்தவர்கள் எல்லாம் கடலுக்கு அக்கரையில் இருந்த அகதி முகாமுக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். ஆனால் இரண்டு தனியாட்கள் ஒரு கந்தோரில் இருந்தால் தனிமை பாதியாகிவிடும் என்பதெல்லாம் சும்மா கதை.

வந்த மூன்றாம் நாளே, பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட கரும்பலகை ஒன்றை எங்கிருந்தோ எடுப்பித்து, கந்தோரின் முன்சுவரில் என்னைக் கொண்டு மாட்டுவித்தார். மேலே வெள்ளைப் பெயின்றால் 'இன்றைய நாள்' என்று தானே எழுதினார். அதன் கீழ் ஒவ்வொரு காலையும், அதே திகதியில் உலகத்தில் நடந்த இரண்டு மூன்று சங்கதிகளை வெண்கட்டியால் எழுதிவிட்டுத்தான் உள்ளே வந்து கதிரையில் இருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. “இதை இஞ்ச ஆர் மிஸ் வாசிக்கப் போகினம்?” என்று கேட்டேன். “வரிசையில நிக்கிற சனம் சுவரைத்தானே பாத்துக்கொண்டு நிக்குது. சுவர் ஏதாவது சொல்லட்டுமே, உமக்கென்ன?” என்றார். அவரிடம் சீ.ஆர். கொப்பி ஒன்று, தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, இருந்தது. நாளுக்கு ஒரு பக்கம், மாசி இருபத்தொன்பதுக்கும் சேர்த்து (எங்கள் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரிக்கும் தை, மாசி என்றுதான் பெயர்). பத்திரிகைகளில் வருகிற 'இன்று' பகுதியை வெட்டி ஒட்டியும், வானொலியில் கேட்டதைக் குறித்தும், வருடக்கணக்காகச் சேர்த்தது.

இந்த இடத்தில் 'உமக்கு' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் நடுவில் 'நீர்' என்று ஒன்று இருக்கிறது. வாரும், இரும், சொல்லும் என்று வரும். 'நீ' என்றால் சின்னவன். 'நீங்கள்' என்றால் மரியாதை, கொஞ்சம் தள்ளி நிற்கிற மரியாதை. 'நீர்' என்றால் மரியாதையும் உண்டு, நீ என்னுடைய ஆள் என்ற உரிமையும் உண்டு. மிஸ் முதல் இரண்டு நாள் என்னை 'நீங்கள்' என்றார். பலகை மாட்டிய நாளில் 'நீர்' ஆகிவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆள் இருக்கவில்லை. அதனால் அந்தப் பலகை எனக்கும் பிடித்துப்போனது என்று இப்போது நினைக்கிறேன்.

திகதி விஷயத்தில் அவர் பொல்லாத ஆள். ஆடி இருபதில், மனிதன் சந்திரனில் இறங்கிய நாள் என்று பத்திரிகை போட்டிருந்தது. மிஸ் பலகையில் எழுதவில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று நான் பத்திரிகையைக் கொண்டுபோய் நீட்டினேன். “அது அவையின்ர திகதி. எங்கட மணிக்கூட்டில அது இருபத்தொண்டு. அவை காலடி வைக்கேக்க எங்கட சனம் காலமைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கும்” என்றார். அடுத்த நாள் எழுதினார். அதே ஆடி இருபத்தொன்றில், ஒன்பது வருடம் முந்தி, உலகத்தின் முதல் பெண் பிரதமர் எங்கள் நாட்டில் பதவியேற்றதையும் அதற்கு மேலே எழுதினார். சித்திரை பதினாலில், மூழ்காது என்று பெருமையடித்து விட்ட அந்தப் பெரிய கப்பல் பனிப்பாறையில் மோதியது என்று எழுதினார். பதினைந்தில் அதே கப்பல் மூழ்கியது என்று எழுதினார். ஆள் அகப்பட்டுவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் புளுகம், ஒரே சந்தோஷம். “எங்கட மணிக்கூட்டில ரெண்டும் பதினைஞ்சில்லையோ மிஸ்? சந்திரனுக்கு ஒரு ஞாயம், கப்பலுக்கு ஒரு ஞாயமோ?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சந்திரனில கலண்டர் இல்லைத் தம்பி, பாத்தவையின்ர திகதிதான் அதுக்கு. கடலில செத்த சனத்துக்கு அவையின்ர திகதி இருக்கு. அதை நாங்கள் மாத்தேலாது. இடிச்ச நாளும் மூழ்கின நாளும் ஒண்டில்லை. இடையில கொஞ்ச நேரம் எல்லாரும் உயிரோட இருந்தவை” என்றார். நான் கடிதப் பையைத் தூக்கினேன்.

யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று நான் சொன்னது பிழையாகிப்போனது. ஒரு வருடத்துக்குள், கந்தோரில் வேலை இல்லாதவர்களும் மீன் விற்றுவிட்டுப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி வாசித்தார்கள். பிறகு தங்கள் நாட்களையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்கு மார்கழி இருபத்திரண்டா இருபத்துமூன்றா என்று இரண்டு கிழவர்கள் பலகைக்கு முன்னால் நின்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை பிடித்தார்கள். மிஸ் இரண்டு நாளும் எழுதிச் சமாதானம் பண்ணினார். ஒரு தாய், பங்குனியில் ஒரு நாளைச் சொல்லி, “எங்கட பெடியன் கடலுக்குப் போய் வராத நாள் மிஸ், உதிலை ஒரு மூலையில போடுவீங்களோ?” என்று கேட்டாள். மிஸ் மூலையில் போடவில்லை. முதல் வரியாகப் போட்டார். அன்று அந்தத் தாய் பின்னேரம்வரை எதிர்ப்பக்கத்துப் பெருக்கமரத்தின் கீழ் இருந்து அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் இருபதாம் திகதிக்கு மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. 1998 – விண்வெளி நிலையத்தின் முதற்பகுதி ஏவப்பட்டது என்ற வரியின் கீழ், ஆண்டு போடாமல், 'ஒரு படகு புறப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். எந்தப் படகு என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கரையில் இருந்து அக்கரைக்கு எத்தனையோ படகுகள் போயின. வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் அது தங்கள் படகு என்று எடுத்துக்கொண்டிருக்கவேண்டும். ஆனால் மிஸ்ஸின் கதை ஊருக்கு அரைகுறையாகத் தெரியும். அவருடைய கணவர் வங்காலையில் படகு இஞ்சின் திருத்துகிறவர். சண்டை மறுபடி மூண்ட வருடம், அவரைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு ஆட்கள் வந்து போனார்கள். அவர் தலைமன்னார்ப் பக்கம் வந்து, அக்கரைக்குப் போகப் படகு பார்த்துக்கொண்டு நின்றார். மிஸ்ஸுக்கு அரசாங்க வேலை. நினைத்த உடனே விட்டுவிட்டுப் போக முடியாது. கணவர் முதலில் போய் ஓர் இடம் பார்த்து எழுதுவதாகப் பேச்சு. அதன்பிறகு எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை. அக்கரையில் போய்ச் சேர்ந்து வேறு குடும்பமாகிவிட்டார் என்று சனம் கதைத்தது. அப்படி நடந்தும் இருக்கிறது, அதனால் கதை நன்றாக ஒட்டிக்கொண்டது. தான் மனைவியா, விதவையா, கைவிடப்பட்டவளா என்று மிஸ்ஸுக்கே தெரியாது. மாதா கோயிலில் அந்த நாளுக்குப் பூசை கொடுப்பார், இறந்தவருக்கான பூசை அல்ல, சுகத்துக்கான பூசை. திகதி தெரியாதவர்களுக்குத்தானே நவம்பர் இரண்டில் மரித்தோர் நாள் இருக்கிறது, அன்றைக்கு அவருக்காகவும் மன்றாடலாமே என்று பங்குச் சுவாமி ஒருமுறை ஆறுதலாகச் சொல்லியிருக்கிறார். “அது எல்லாருக்குமான நாள் சுவாமி. அவருக்கெண்டு ஒரு நாள் வேணும்” என்றாராம்.

மிஸ் வந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியான வெயிலில் ஒரு குருவியும் இல்லை. நான் சீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கணக்குப் புத்தகத்தில் இருந்து தலையை எடுக்காமல் மிஸ் கேட்டார்: “தம்பி, சண்டை தொடங்கின அந்த வருஷம் இஞ்ச நீர்தானே சீல் அடிச்சது? பை ஒழுங்கா வராத நாட்களில ஞாயிற்றுக்கிழமையும் திறந்தனீரோ?” சாதாரணமாகத்தான் கேட்டார். மேலிடத்தில் இருந்து ஏதோ விசாரணையாக்கும் என்று எனக்கு ஒரு சின்னப் பயம். அதைவிடப் பெரிதாக, புது அதிகாரிக்கு முன்னால் கொஞ்சம் எடுப்புக் காட்டுகிற ஆசை. “திறந்தனாங்கள் மிஸ். அந்த நேரம் ஞாயிறு எண்டெல்லாம் பாக்கேல்லை. வெடிச்சத்தத்துக்குள்ளயும் நான் பெட்டி திறந்து சீல் அடிச்சனான்” என்றேன். முழுப் பொய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரோடு சேர்ந்து நானும் பேசாலைக் கோயிலுக்குள் ஒடுங்கிக்கிடந்தேன். மிஸ் “ஓம், சரி” என்றார். பேனையை மூடி வைத்தார். அந்தச் 'சரி' என்ன என்று எனக்கு விளங்க ஐந்து வருடம் ஆனது.

ஐந்தாம் வருடம் நவம்பர் இருபதில் மிஸ்ஸுக்குக் கடும் காய்ச்சல். அறைக்குள் இருந்தபடியே, “கொப்பியைப் பாத்துப் பலகையை எழுதிவிடும் தம்பி” என்றார். நான் கொப்பியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு கடித உறை இருந்தது. மிஸ்ஸின் பெயருக்கு, வங்காலை விலாசம் எழுதி, மேலே எங்கள் கந்தோரின் சீல் விழுந்திருந்தது. பத்தொன்பது, நவம்பர். பக்கத்தில் பென்சிலால் மிஸ் சிறிதாகக் குறித்திருந்தார்: 'சீல் 19. ஞாயிறு. திறந்ததாகத் தம்பி சொன்னவர். நாளைக்கு வெளிக்கிடுறம் எண்டு கடிதத்தில. ஆகவே 20.' அதன் கீழ் வேறு மையில்: 'முகாமில் விசாரித்தது. 20ஆம் திகதிப் படகில் போன எல்லாரும் சேர்ந்தவை. அவர் அதில் இல்லை. ஆருக்கும் அவரைத் தெரியாது.' நான் உறையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். எங்கள் பழைய எண்பெட்டியில் ஒன்பதின் கால் நேராக இருக்கும். ஆறின் வால் உள்ளுக்குச் சுருண்டிருக்கும். இந்த ஒன்பதின் வால் சுருண்டிருந்தது. அது ஒன்பது அல்ல.

அந்த வியாழக்கிழமை எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, நவம்பர் பதினாறு. காலையில் கடல் பக்கம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது பாதை பூட்டுவார்கள் என்று தெரியாது. பை கொண்டுபோகிற வாகனம் வாசலில் நின்று கோண் அடித்து அவசரப்படுத்தியது. அவசரத்தில் ஆறைத் தலைகீழாகச் செருகிவிட்டேன். இருந்த கடிதங்களுக்கெல்லாம் மளமளவென்று அடித்துப் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் காலை எண் மாற்றும்போதுதான் கண்டேன். ஒரு நாள் முழுக்க எங்கள் கந்தோர் உலகத்தைவிட மூன்று நாள் முன்னால் போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பிழை செய்தது அந்த எண்தான் என்பதுபோல, அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆறு தொலைந்துவிட்டது என்று மன்னாருக்கு எழுதினேன். அடுத்த வருடம் புதுச் சீலே வந்துவிட்டது. அந்தப் பையில் மிஸ்ஸின் கணவர் கடிதம் இருந்தது. தொலைபேசி எல்லாம் துண்டித்திருந்த நாட்கள். ஒரு மாதத்துக்கு மேல் எங்கெங்கோ கிடந்துதான் அது வங்காலைக்குப் போயிருக்கிறது. திகதி போடாத கடிதத்துக்கு அந்தச் சீல்தான் ஒரே சாட்சி. அவர் அதைப் பெட்டியில் போட்டாரா, என் கையிலேயே தந்தாரா என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கிழமைகளில் கரைக்கு வந்த அந்நிய முகங்கள் எத்தனையோ. இதை எத்தனை தடவை யோசித்துப் பார்த்திருப்பேன்!

ஆக, மிஸ் இந்த மணலுக்கு மாற்றம் கேட்டு வந்தது அந்த ஒரு சந்தேகத்தைத் தீர்க்கத்தான். தபால்காரிக்கு ஆறும் ஒன்பதும் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமையில் சீல் விழுந்தது எப்படி என்று அவர் யோசித்திருக்கிறார். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் வந்து கேட்டிருக்கிறார். அந்த ஆள் எடுப்புக் காட்டினான். என் பொய்யால் அவர் தவறான படகைத் தேடினார். தவறான படகு பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்ததால், அவர் புருஷன் அவரை ஏமாற்றிவிட்டுப் போனவன் ஆனான். அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? கொப்பியை மூடினேன். வெளியே போனேன். என் கையாலேயே, என் கோணல் எழுத்தில், இருபதாம் திகதியின் கீழ் 'ஒரு படகு புறப்பட்டது' என்று எழுதினேன்.

பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தேன். வேலை போய்விடும் என்று பயம் இல்லை. அந்தச் சின்னப் பிழைக்கு இனி யார் வரப்போகிறார்கள்? பயம் வேறு. காலையில் சைக்கிளை நிறுத்தும்போது “வாரும், தேத்தண்ணி ஆறுது” என்று உள்ளே இருந்து ஒரு குரல் வரும். அது இல்லாமல் போய்விடும் என்ற பயம். என் தனிமைக்காக ஒரு பெண்ணை ஒரு வருடம் மேலதிகமாகக் காத்திருக்க வைத்தேன். இதை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் நவம்பர் பதினாறு வந்தது. காலையில் மிஸ் பலகையில் எழுதினார்: '1974 – நட்சத்திரங்களுக்கு மனிதன் வானொலி வழியாகக் கடிதம் அனுப்பினான்.' எழுதிவிட்டுத் தானே சிரித்தார். “பதில் வர ஐம்பதினாயிரம் வருஷம் செல்லுமாம் தம்பி. எங்கட பை அதைவிடக் கெதியா வரும் எண்டு சனத்துக்குச் சொல்லும்.” என்னால் சிரிக்க முடியவில்லை. நாள் முழுக்கக் கடிதம் கொடுத்துத் திரிந்தேன். பின்னேரம் வந்து, சட்டைப் பையில் இருந்து அந்த ஆறை எடுத்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். “மிஸ், நான் அண்டைக்குச் சொன்னது பொய். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் திறக்கேல்லை. உங்கட கடிதத்தில இருக்கிறது பதினாறு. நான்தான் இதைத் தலைகீழாப் போட்டனான்.”

அவர் எண்ணைத் தொடவில்லை. வெளியே ஒரு கழுதை சுவரில் முதுகைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. “நான் உங்களிட்டக் கேட்டனான்” என்றார். உங்களிட்ட. “இதுக்காகத்தான் நான் இஞ்ச மாற்றம் கேட்டு வந்தனான். நீங்கள் திறந்தனாங்கள் எண்டு சொன்னனீங்கள்.” கோபமாகச் சத்தம் போட்டிருந்தால், நீ என்று ஏசியிருந்தால், நான் காலில் விழுந்து அழுதிருப்பேன். அவர் மரியாதையாகப் பேசினார். “இதை நீங்களே வைச்சிருங்கோ” என்று எண்ணைக் காட்டினார். அன்றில் இருந்து நான் அவருக்கு 'நீங்கள்'. வாங்கோ, இருங்கோ, பையைத் திறவுங்கோ. ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை.

அடுத்த நாள் காலை பலகையில் '1869 – சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது' என்று இருந்தது. அதன் கீழ் 'ஒரு படகு புறப்பட்டது.' இருபதாம் திகதியில் விண்வெளி நிலையம் மட்டும் தனியே நின்றது. மிஸ் அக்கரை முகாமுக்கு மறுபடி எழுதினார், இந்தமுறை பதினேழாம் திகதிப் படகைப் பற்றி. தை மாதம் பதில் வந்தது. பையில் இருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நின்றபடியே வாசித்தார். “அண்டைக்கு வெளிக்கிட்ட படகு வந்து சேரவே இல்லையாம். ரெண்டு நாளாக் கரையில சனம் பாத்துக்கொண்டு நிண்டதாம்” என்றார். கடிதத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். “பதினொரு வருஷமா நான் அந்த மனிசனைத் திட்டினனான் தம்பி. ஒவ்வொரு நாளும் மாதா படத்துக்கு விளக்கு வைக்கேக்க திட்டினனான். அவர் அதுக்கு முதலே கடலுக்குள்ள கிடந்திருக்கிறார்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. “போற வழியில சுவாமியிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. இனி நவம்பர் பதினேழு. இறந்தவருக்கான பூசை எண்டு சொல்லுங்கோ” என்றார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை செய்தோம். பலகை ஒரு நாளும் தவறவில்லை. ஓய்வு பெற்றுப் போன அன்று கொப்பியை எடுத்துக்கொண்டார், பலகையை விட்டுவிட்டார். ஓட்டோவில் ஏறிவிட்டு, “வாறன் தம்பி, சுகமா இருங்கோ” என்றார். 'இரும்' என்று சொல்வார் என்று கடைசி நொடிவரை எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டோ திரும்பிப் போய்விட்டது. வங்காலை ஒன்றும் தூரம் இல்லை, ஒன்றரை மணி நேர பஸ். ஆனால் ஒரு தடவைகூடப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது பொறுப்புக்கு ஒரு பிள்ளை கிழமையில் மூன்று நாள் வருகிறாள். மற்ற நாட்களில் நான் மட்டும்தான். கடிதம் எழுதுகிற சனம் குறைந்துவிட்டது. வருவதெல்லாம் வங்கியும் நீதிமன்றமும் அனுப்புகிறவை. தென்கரையில் பெரிய காற்றாலைகள் வந்துவிட்டன, ஜன்னலால் பார்த்தால் அவை சுற்றுவது தெரியும். காலையில் போனைத் திறந்தால் 'இந்த நாளில் உங்கள் நினைவுகள்' என்று அது தானாக ஏதோ காட்டுகிறது, நான் எப்போதோ எடுத்த ஒரு சைக்கிள் படம், ஒரு மீன் படம். மிஸ் போன பிறகு நான் பலகையில் எழுதவில்லை. எழுதுகிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு காலையும் ஈரத்துணியால் துடைத்து வைப்பேன். வெறும் பலகையை நாள்தோறும் துடைக்கிற மனிதன் என்று சனம் என்னைப் பற்றி என்ன நினைத்ததோ தெரியாது.

போன கிழமை பையில் எனக்கு ஒரு பொதி வந்தது. எனக்குப் பொதி அனுப்ப ஆள் இல்லை. மண்ணிறத் தாளில் சுற்றி, வங்காலைச் சீல் விழுந்திருந்தது. பழக்கதோஷத்தில் முதலில் திகதியைத்தான் பார்த்தேன், சரியாக இருந்தது. உள்ளே அந்தச் சீ.ஆர். கொப்பி. கடிதம் இல்லை. நவம்பர் பதினாறாம் பக்கத்தில் ஒரு சுருபப்படம், மாதாவின் சின்னப் படம், அடையாளத்துக்கு வைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் மூன்று வரிகள். முதலாவது, நட்சத்திரங்களுக்குக் கடிதம் அனுப்பியது. இரண்டாவது, 'அவருடைய கடிதத்தில் சீல் விழுந்தது.' இரண்டும் பழைய எழுத்து, மணிமணியாக. மூன்றாவதின் மையும் பழையதுதான், நான் சொன்ன அந்த வருடமே எழுதியிருக்கவேண்டும்: 'தம்பி வந்து உண்மை சொன்ன நாள்.' அதன் கீழ் மட்டும் புதிதாக, வரி ஏறி இறங்கி, பென்சிலால் எழுதியிருந்தது: 'எனக்குக் கண் தெரியுதில்லை. இனி நீர் எழுதும்.'

நீர் எழுதும். கதிரையில் இருந்துகொண்டு அந்த இரண்டு சொல்லையும் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுப் பொதியைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

இன்று நவம்பர் பதினாறு. காலையில் ஒரு புது வெண்கட்டியை உடைத்துக்கொண்டு வெளியே போனேன். முதல் வரியை எழுதினேன், இரண்டாவதை எழுதினேன். மூன்றாவதில் கை நின்றது. பிறகு கொப்பியில் இருந்தபடியே அதையும் எழுதினேன். லாச்சியைத் திறந்து ஆறை எடுத்துவந்து, பலகையின் கீழ்ச் சட்டத்தில், தலை மேலே கால் கீழே என்று இரண்டு தரம் சரிபார்த்து நிறுத்தினேன். மத்தியானம்வரை யாரும் வரவில்லை. பின்னேரம், முன்பு பெருக்கமரத்தின் கீழ் இருந்த அந்தத் தாய் வந்தாள், இப்போது நன்றாக வயதாகிவிட்டது. பலகைக்கு முன்னால் நின்று, எழுத்துக்கூட்டி, மூன்று வரியையும் வாசித்து முடித்தாள். “ஆர் ராசா இந்தத் தம்பி?” என்று கேட்டாள்.

“நான்தான் அம்மா” என்றேன்.